சூளைக்குப் போன பிள்ளையின் மூன்றாம் பருவம்



பள்ளிக்கூடத்தின் ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. செங்கல் சூளையின் ஆண்டு தைப்பொங்கல் கழிந்து தொடங்கி, ஆடி மழை பிடிக்கும் முன் முடிகிறது. கரும்பு வெட்டு மார்கழி, தை, மாசி என்று வயல் வயலாக நகர்கிறது. இந்த மூன்று ஆண்டுகளையும் சேர்த்துவைத்துப் பாருங்கள். 2012-ல் முப்பருவ முறை வந்த பிறகு ‘மூன்றாம் பருவம்’ என்று நாம் சொல்லும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையான காலம், சூளைக்கும் வெட்டுக்கும் போகும் குடும்பத்துப் பிள்ளைக்கு இல்லாமலே போகிறது. ஜூனில் மணி அடிக்கும்போதும் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியிருக்காது. வாங்கிய முன்பணத்துக்குக் கல் அறுத்துக் கணக்குத் தீர்ந்தால்தான் மேஸ்திரி விடுவார். ஆக, பிள்ளை ஆண்டின் கடைசியையும் இழக்கிறது, அடுத்த ஆண்டின் தொடக்கத்தையும் இழக்கிறது.

ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் நான் முன்வைப்பது ஒரே கருத்து. இடம்பெயரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளையைத் தோற்கடிப்பது அதன் அறிவோ, பெற்றோரின் அக்கறையின்மையோ இல்லை. வருடம் முழுவதும் ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளையை மனத்தில் வைத்து நாம் வகுத்த காலமும் பதிவேடும்தான். அந்தப் பிள்ளையின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்க்காமல் அதன் படிப்பைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

நாம் கூடியிருக்கும், சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டியிலேயே தொடங்குகிறேன். இது அரளி விளையும் மண். மொட்டாகப் பறித்து, சேலம் பூ மார்க்கெட்டுக்குக் காலத்தோடு அனுப்பினால்தான் விலை. பள்ளிக்குப் போகும் முன் அம்மாவோடு தோட்டத்தில் கை கொடுத்துவிட்டு வரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று இங்குள்ள ஆசிரியர்கள் அறிவார்கள். அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் குறைகிறது, முதல் பாடவேளையில் கண் சொருகுகிறது. இது சரியென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வீடும் பள்ளியும் ஒரே ஊரில் இருக்கின்றன. வராவிட்டால் டீச்சர் அடுத்த தெரு வழியாகப் போகும்போது அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பார். சூளைக்குப் போன பிள்ளையைக் கேட்க அங்கே யாருமில்லை. வேலை பிள்ளையைக் களைப்பாக்குகிறது. ஊர் மாறுவது அதைக் காணாமல் ஆக்குகிறது. இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். இரண்டையும் ‘இடைநிற்றல்’ என்று ஒரே பெயரில் எழுதிவைக்கிறோம்.

சூளையின் நாளைப் பார்ப்போம். வெயிலுக்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் நடு இரவு தாண்டியதுமே பல களங்களில் விளக்கு எரியும். அப்பா மண் குழைப்பார், அம்மா உருட்டிக் கொடுப்பார், அச்சில் அறுத்த பச்சைக்கல் வரிசையாக இறங்கும். விடிந்ததும் காய்ந்த பக்கம் பார்த்துக் கல்லைத் திருப்பிவைக்க வேண்டும், பிறகு அடுக்க வேண்டும். திருப்பும் வேலைக்குக் குனிந்த சிறிய உடம்பு வசதி என்று எல்லோரும் கண்டுபிடித்திருக்கிறார்கள். கூலி ஆளுக்கு இல்லை, ஆயிரம் கல்லுக்கு. புருஷன் பெண்டாட்டி ஜோடியின் பெயரில்தான் கணக்கு. பிள்ளை திருப்பிய கல்லும் அந்த ஆயிரத்துக்குள் சேர்ந்துவிடுவதால், எந்தப் பேரேட்டிலும் அதன் உழைப்பு தெரியாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தியபோது, 14 வயதுக்கு உட்பட்டவர்களை எல்லா வேலைகளிலும் அமர்த்தத் தடை விதித்தார்கள். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கும் வைத்தார்கள். சூளை குடும்பத் தொழில் ஆகாது. ஆனாலும் குடும்பமே ஒரு கூலியாளாகக் கணக்கிடப்படும் இடத்தில், ‘பிள்ளை சும்மா கூட நின்றது’ என்று சொல்லிவிட முடிகிறது. கூலி ஜோடிக்கு என்று இருக்கும்வரை பிள்ளையின் கை அந்தக் கல்லில் பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

யுனெஸ்கோவின் 2019-ஆம் ஆண்டு உலகக் கல்வி அறிக்கை இடம்பெயர்வையே பொருளாக எடுத்துக்கொண்டது. 2013 நிலவரப்படி இந்தியக் கிராமங்களில், பருவகாலத்தில் வெளியூர் வேலைக்குப் போகிறவர் இருக்கும் வீடுகளில், 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகள் 1 கோடியே 7 லட்சம் பேர் என்று அது சொல்கிறது. அத்தகைய வீடுகளில் 15 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் 28 சதவீதம் பேர் எழுத்தறிவில்லாதவர்கள் அல்லது தொடக்கக் கல்வியை முடிக்காதவர்கள். அந்த வயதினர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் 18 சதவீதம். இந்தப் பத்து சதவீதப் புள்ளி இடைவெளிக்குள் இருப்பவர்கள், நம் வகுப்பில் இரண்டு பருவம் உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள்.

இவர்கள் எதுவும் தெரியாமல் வருகிறார்கள் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். பியாட்ரிஸ் வைட்டிங், ஜான் வைட்டிங் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், கென்யா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், ஒகினாவா, அமெரிக்கா, நம் நாட்டின் வடக்கே காலாப்பூர் ஆகிய இடங்களில் பிள்ளைகளின் அன்றாடத்தைப் பார்த்து எழுதிய நூல் 1975-ல் வந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் வீட்டு வேலையில் பங்கெடுப்பதுமாக வளரும் பிள்ளைகளிடம், பிறர் தேவையறிந்து உதவும் இயல்பும் பொறுப்பும் மிகுந்திருந்ததைக் கண்டார்கள். பிள்ளையை உருவாக்குவது நாம் சொல்லும் நீதிக்கதையைவிட, அது தினமும் யாரோடு இருந்து என்ன செய்கிறது என்பதுதான் என்று அந்த நூலிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு ஆய்வு கணக்கைப் பற்றியது. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளராகப் போய் ஆய்வாளர்கள் விலை கேட்டார்கள். 98 சதவீத விடைகள் சரியாக வந்தன. அதே கூட்டலையும் பெருக்கலையும் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம்தான். 1985-ல் வெளிவந்தது இது. நம் நாட்டிலும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்த்து 2025-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சந்தைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. இதைப் படித்துவிட்டு ‘வேலையே பள்ளி’ என்று யாரும் மகிழ வேண்டாம். சந்தைக் கணக்கு சந்தையோடு நின்றுவிடுகிறது என்பதும் இதே ஆய்வுகள் சொல்வதுதான். அந்தக் கணக்கைத் தாளுக்குக் கொண்டுவர ஓர் ஆசிரியர் வேண்டும். நீளத்துக்கு எத்தனை, உயரத்துக்கு எத்தனை என்று அடுக்கைப் பார்த்தே கல்லின் மொத்தத்தைச் சொல்லும் பிள்ளைக்குப் பெருக்கல் தெரியும். வாய்பாட்டைக் கேட்டு அது விழித்தால், ‘இத்தனை நாள் எங்கே போனாய்’ என்று கேட்பதைவிட ‘ஓர் அடுக்கில் எத்தனை கல்’ என்று கேட்பது பயன் தரும்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்களைப் போலவே நம் பக்கத்துக்கு வருகிறவர்களும் உண்டு. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்கள் பண்ணைக்குள்ளேயே குடியிருக்கின்றன. தமிழ்நாட்டுச் சத்துணவுத் தட்டில் வைக்கப்படும் முட்டையைப் பொறுக்கி அட்டையில் அடுக்குவது அந்தத் தாய்மாரின் கை. அவர்களுடைய பிள்ளை பண்ணைக் கேட்டுக்கு வெளியே வந்தால்தானே அந்தத் தட்டின் முன் உட்கார முடியும்? பண்ணைகள் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கின்றன, ரோட்டில் லாரிகள் ஓடுகின்றன, கூட்டிப்போக ஆளில்லை. பள்ளிக்கு வந்துவிட்ட பிள்ளை சில மாதங்களிலேயே நம் கொங்குத் தமிழைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் அப்பா அம்மாவுக்காகப் பேசுவது அந்தப் பிள்ளைதான். பேச்சு வந்துவிட்டது என்பதால் எழுத்தும் வந்துவிட்டதாக நாம் நினைத்துவிடுகிறோம். வீட்டில் ஒடியாவும் வகுப்பில் தமிழுமாக இருக்கும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைத் தனியே, பொறுமையாகக் கற்றுத்தர வேண்டும். கூடியவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு சொல்கிறது. திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளில் ஒடியா தெரிந்தவர்களை வைத்து அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய முயற்சிகள் உண்டு. நாமக்கல்லுக்கும் அது தேவை.

வந்தவர்களை வேற்றாளாகப் பார்க்கும் உரிமை நமக்கு, அதுவும் சேலத்துக்காரர்களுக்கு, இல்லை. 1876–78 தாதுவருடப் பஞ்சம் மிகக் கடுமையாக வாட்டிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களில் திருச்சி, மதுரை, தஞ்சையோடு சேலமும் உண்டு. அங்கே 1920-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்தில் வாழும் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் படிப்புக்குத் தோட்ட நிர்வாகிகளான துரைமார் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. நடைமுறையில் பல தோட்டங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், அதோடு முடிந்தது. 1970-களில்தான் அந்தப் பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியது. அந்தத் தோட்டங்களில் வாழ்ந்த மலையக மக்கள் இழந்த தலைமுறைகளை எண்ணிப் பார்க்கவே மனம் வலிக்கிறது.

அந்தத் தோட்டங்களில் இருந்த ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைக்காம்பரா என்ற குழந்தைக் காப்பகம். தாயின் கை கொழுந்துக்கு வேண்டும் என்பதற்காகத்தான் அது வந்தது. ஆனால் கைக்குழந்தையை விட ஓர் இடம் இருந்தால் அதன் அக்காவுக்கும் விடுதலை. நம் சூளைகளில் இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது எட்டு வயது அக்காள். அவளைப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி எத்தனை முறை போனாலும் தாய் கைவிரிப்பார், வேறு வழியில்லை. 1975-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் சூளைக்கு அருகில் போகும் வரை எட்டு வயதுப் பெண்ணின் பெயர் வருகைப்பதிவேட்டில் ஏறாது. என்னைக் கேட்டால் முதல் செலவு இதற்குத்தான்.

பிள்ளை போகும் இடத்துக்குப் பள்ளி போவதா, பிள்ளையை ஊரிலேயே தங்கவைப்பதா? மகாராட்டிரத்தில் கரும்பு ஆலைகளை ஒட்டிச் ‘சாக்கர் சாலா’ என்ற பள்ளிகளை நடத்தினார்கள். ஒடிசாவில் பெற்றோர் சூளைக்குப் போகும் மாதங்களுக்கு மட்டும் பருவகால விடுதிகள் வைத்தார்கள். எனக்கு இரண்டாவதுதான் உவப்பு. அதே பள்ளி, அதே டீச்சர், அதே தோழிகள். மூன்றாம் பருவம் பிள்ளைக்குக் கிடைக்கும், பச்சைக்கல்லிலிருந்து கையும் தப்பும். ஆனால் ஆறு வயதுக்காரனைத் தாயிடமிருந்து ஐந்து மாதம் பிரிப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். சின்னவர்களுக்குச் சூளைக்குப் பக்கத்துப் பள்ளி, பெரியவர்களுக்கு ஊரில் விடுதி என்றுதான் யோசிக்க வேண்டும்.

சட்டம் இதற்கெல்லாம் குறுக்கே நிற்கவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பிள்ளை வேறு பள்ளிக்கு மாறலாம், தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும், அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. வயதுச் சான்று இல்லையென்றும் திருப்பி அனுப்பக் கூடாது, 14-ஆம் பிரிவு. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும், 4-ஆம் பிரிவு. நடப்பதோ வேறு. பிள்ளை நெடுநாள் வராவிட்டால் எமிஸ் என்ற மாணவர் தகவல் தளத்தில் பெயரைக் ‘காமன் பூல்’ என்ற பொதுப் பட்டியலில் போட்டுவிடுகிறோம். போன ஊரில் எந்தப் பள்ளியாவது அந்தப் பெயரை எடுத்துக்கொண்டால் உண்டு. அந்த ஊர்த் தலைமையாசிரியருக்கு அப்படியொரு பிள்ளை பக்கத்துச் சூளையில் இருப்பதே தெரியாது.

இங்கே தலைமையாசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்தெந்த வீடு பொங்கலுக்குப் பிறகு கிளம்பும் என்பது மார்கழியிலேயே ஊருக்குத் தெரியும், ஏனென்றால் முன்பணம் அதற்கு முன்பே கைமாறியிருக்கும். அந்த வீடுகளுக்குப் போய், எந்த ஒன்றியம், எந்தச் சூளை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையின் எமிஸ் எண்ணையும், முடித்த பாடங்களையும், உங்கள் செல்பேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதித் தாயின் கையில் கொடுங்கள். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று வராதவர்களைப் பார்த்து, அவர்கள் போன ஊரின் பள்ளிக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள். ஆடியில் அந்தப் பிள்ளை திரும்பிவரும்போது, போன இடத்தில் எங்கே உட்கார்ந்து என்ன படித்தது என்ற விவரம் அங்கிருந்து உங்களுக்கு வந்திருக்க வேண்டும்.