அட்டையும் அறிவும்



அட்டையைப் பற்றிப் பேசவும் ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கலாம். கடவுளைப் பற்றிப் பேசி நாம் கண்ட பலன் என்ன? அட்டையையாவது கையில் பிடித்துச் சோதித்துப் பார்க்கலாம்.

அட்டை மண்புழுவுக்கு உறவான ஜந்து. வைத்தியத்துக்கு விடும் அட்டைக்கு மூன்று தாடைகள். ஒரு முறை வயிறு நிறையக் குடித்தால் பல மாதம் பட்டினி கிடக்கும். ஒரே உடம்பில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஆகவே அர்த்தநாரியைப் பார்க்கக் கோயிலுக்குப் போக வேண்டியதில்லை. குட்டைக்குப் போனால் போதும்.

இது கெட்ட இரத்தத்தைத்தான் குடிக்கும் என்று இங்கும் நம்பினார்கள், ஐரோப்பாவிலும் நம்பினார்கள். அதற்கு நல்லது கெட்டது தெரியாது, கிடைத்ததைக் குடிக்கும்.

பாரிஸில் புரூசே என்ற பெரிய வைத்தியர், நோய்களுக்கெல்லாம் வயிறு, குடலின் அழற்சியே மூலம் என்று சொல்லி அட்டை விட்டார். பெரியவர் சொன்னார், மற்றவர்கள் செய்தார்கள். 1833-ல் மட்டும் பிரான்சு தேசம் 4 கோடிக்கு மேல் அட்டைகளை வெளியிலிருந்து வாங்கிற்று!

அதே பாரிஸில் லூயி என்ற வைத்தியர், இரத்தம் எடுக்கப்பட்ட நிமோனியா நோயாளிகள் 77 பேரைக் கணக்கெடுத்தார். முதல் நான்கு நாளுக்குள் எடுக்கப்பட்டவர் 41 பேர், செத்தவர் 18. பிந்தி எடுக்கப்பட்டவர் 36 பேர், செத்தவர் 9. சீக்கிரம் எடுத்தால் பிழைப்பார்கள் என்ற பேச்சு என்னவாயிற்று? புரூசேயின் புகழைச் சாய்த்தது சாபமல்ல, கணக்கு.

அப்படியானால் அட்டை வீணா? இல்லை. அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருப்பதை 1884-ல் ஹேகிராஃப்ட் சோதித்துக் கண்டார். 1985-ல் பாஸ்டன் நகரில், நாய் கடித்துத் துண்டான ஒரு குழந்தையின் காதை டாக்டர்கள் ஒட்டவைத்தார்கள். உள்ளே போன இரத்தம் திரும்ப வழியில்லாமல் தேங்கிற்று. அட்டை விட்டு அதை வடித்தார்கள், காது பிழைத்தது. 2004-ல் அமெரிக்க அரசாங்கம் இச்சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது.

உடனே, "எங்கள் சுசுருதர் அன்றே சொன்னார்" என்பார்கள். அட்டை விடும் முறையை அவர் சொன்னது உண்மை, நாம் மறுக்கவில்லை. ஆனால் இரத்தம் ஏன் உறையவில்லை என்பது ஏட்டைப் பூஜித்ததால் தெரியவில்லை, சோதனையால் தெரிந்தது. அட்டையின் குடலில் கிருமிகள் உண்டு. ஆகவே ஆஸ்பத்திரியில் அதற்கும் மருந்து கொடுத்தே விடுகிறார்கள். குட்டை அட்டையைப் பிடித்து வீட்டில் விட்டுக்கொள்ளாதீர்கள்.

தோழர்களே! அட்டை ஒன்றுதான். நம்பி விட்டபோது ஆளைக் கொன்றது. அறிந்து விட்டபோது காதைக் காத்தது. எவர் எதைச் சொன்னாலும், எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று கணக்குக் கேளுங்கள். நாம் சொல்வதையும் அப்படியே கேளுங்கள்.