வாஷிங்டனில் குறைத்த செலவு, தோட்டத்தில் குறைந்த கூலி

வரலாற்றை நேசிக்கிறவன் என்ற முறையில் இந்தப் பட்டமளிப்பு விழாவில் அமெரிக்க அரசியலைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மலேசியாவின் புக்கிட் பெருந்துங்கில் நின்றுகொண்டு அமெரிக்கா எதற்கு என்று தோன்றலாம். அந்த நாட்டின் தேர்தலையும் திரைப்படத்தையும் நாம் கைப்பேசியில் வேடிக்கையாகப் பார்த்துப் பழகிவிட்டோம். நான் சொல்ல வருவது, அந்த அரசியல் நம் தோட்டங்களின் வரலாற்றிலேயே ஓர் அத்தியாயம் என்பதுதான். அதைப் படிக்காமல், நம் குடும்பங்கள் இந்த மண்ணில் வேரூன்றிய கதை முழுமையாக விளங்காது.

1908-இல் ஹென்றி ஃபோர்டு ‘மாடல் டி’ காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1927-இல் அதன் தயாரிப்பு நின்றபோது ஒன்றரைக் கோடி கார்கள் வெளிவந்திருந்தன. உலகின் ரப்பரில் பாதிக்கு மேல் அமெரிக்காவே வாங்கியது. கோல சிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் காடழித்துப் பால்மரம் நட்டதற்கும், கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களில் ஆள் திரட்டியதற்கும் அந்தத் தேவையே உந்துதல். ரப்பர் விலை சரிந்தபோது, 1922-இல் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்ற ஏற்பாட்டால் அதன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. விலை ஏறியதும் அமெரிக்காவில் வணிகத் துறை அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் அதை எதிர்த்துப் பெரும் இயக்கமே நடத்தினார். ரப்பர் விளைவித்த டச்சுக்காரர்களும் திட்டத்தில் சேராததால் 1928-இல் அது கைவிடப்பட்டது. அந்தச் சச்சரவில் கார் வைத்திருந்தவருக்காகவும் லண்டன் பங்குதாரருக்காகவும் பேச ஆள் இருந்தது. மரம் சீவியவருக்காகப் பேச யாரும் இல்லை.

ஆனால் நான் மாணவர்களிடம் வலியுறுத்த விரும்பும் ஆண்டு 1937. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் வெட்டப்பட்ட தோட்டக்கூலியை மீட்கச் சொல்லி, இந்திய அரசின் சார்பில் இங்கு வந்து பார்த்த சீனிவாச சாஸ்திரி பரிந்துரைத்திருந்தார். ஒரு நாளைக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய நிலை அந்த ஆண்டு திரும்பியது. அதே ஆண்டு வாஷிங்டனில், பொருளாதாரம் தேறிவிட்டது என்று நம்பிய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வரவுசெலவைச் சமன்படுத்த அரசுச் செலவைக் குறைத்தார். அமெரிக்க மத்திய வங்கி, மற்ற வங்கிகள் வைத்திருக்க வேண்டிய கட்டாய இருப்பை இரட்டிப்பாக்கியிருந்தது. சில மாதங்களில் தொழிற்சாலைகள் முடங்கின, கார் விற்பனை படுத்தது, ரப்பர் விலை இறங்கியது. 1938-இல் இங்குள்ள தோட்ட முதலாளிகள் கூலியை 45, 36 காசாகக் குறைத்தார்கள். மலாயா மத்திய இந்தியர் சங்கம் எதிர்த்தது. அந்த ஜூன் மாதமே இந்திய அரசு, உதவி பெற்றுக் கப்பலேறும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. கங்காணி முறையின் கதை அத்தோடு முடிந்தது. மூன்றாண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்புவது, மீண்டும் வருவது என்றிருந்த சமூகம் இங்கேயே பிள்ளை பெற்று வளர்க்கும் சமூகமாக மாறும் போக்கு வேகம் பிடித்தது. 1931-இல் மலாயா இந்தியர்களில் ஐந்தில் ஒருவரே இங்கு பிறந்தவர். 1947-இல் ஏறத்தாழப் பாதிப் பேர்.

இதற்கு மறுப்பு உண்டு. கூலியை வெட்டியவன் தோட்டத்துத் துரை, பழியை ஏன் ரூஸ்வெல்ட் மீது போடுகிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விலை இறங்கியது அமெரிக்காவால். அந்த இறக்கத்தைப் பங்குதாரரின் ஆதாயத்தில் கழிப்பதா, தொழிலாளியின் சோற்றில் கழிப்பதா என்று முடிவு செய்தவர்கள் இங்கிருந்தவர்கள். அவர்களை நான் விடுவிக்கவில்லை. குடியேற்றத்தை நிறுத்தும் கோரிக்கை இந்தியத் தேசிய அரசியலில் முன்பே இருந்தது என்பது இன்னொரு வாதம். இருந்தது உண்மை. ஆனால் கோரிக்கையை ஆணையாக்கிய தருணம் இந்தக் கூலிவெட்டு. அமெரிக்காவே அனைத்துக்கும் காரணம் என்று சொல்லும் வரலாறு சோம்பேறி வரலாறு. அமெரிக்காவை விட்டுவிட்டு எழுதும் தோட்ட வரலாறு பாதி வரலாறு. ரூஸ்வெல்ட் 1938 ஏப்ரலில் செலவைக் கூட்டித் தம் நாட்டை மீட்க முனைந்தார். அவரைத் தட்டிக்கேட்க அமெரிக்கத் தொழிலாளியிடம் வாக்கு இருந்தது. அதே முடிவால் கூலி இழந்த தமிழனுக்கு வாஷிங்டனிலும் வாக்கில்லை, லண்டனிலும் இல்லை, கோலாலம்பூரிலும் இல்லை. அமெரிக்க ஜனநாயகத்தைப் பெரிதும் மதிக்கிற எனக்கு இந்த இடம் எப்போதும் உறுத்துகிறது.

பட்டதாரிகளே, உங்கள் குடும்பத்தில் முதலில் கப்பலேறியவர் எந்த ஆண்டு வந்தார், எந்தத் தோட்டத்தில் இறங்கினார், என்ன கூலி வாங்கினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். புக்கிட் தாகார், நைகல் கார்டனர் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யுங்கள். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து படியுங்கள், படித்ததைத் தமிழில் எழுதுங்கள்.