இரண்டு ஊர் வைத்தியம், ஒரே நோட்டு

 

இன்றைய பேச்சு மருந்தைப் பற்றியது. மருந்து நோயைத் தீர்க்கும். இது எல்லோருக்கும் தெரியும். அதே மருந்து சில நேரம் உடம்புக்குக் கெடுதலும் செய்யும். இதைப் பலர் யோசிப்பதில்லை.

மாத்திரை சாப்பிட்டதும் சிலருக்கு வயிறு எரியும். சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு வரும். சிலருக்குத் தலை சுற்றும். இதைப் பக்க விளைவு என்று சொல்கிறார்கள். பல பக்க விளைவுகள் சிறியவை. தானாகவே போய்விடும். சில பெரியவை. ஆளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும்.

எல்லைப் பகுதியில் இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. இங்கே பலருக்கும் இரண்டு ஊர் வைத்தியம். வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருப்பவர்கள் பாலக்காட்டுக்கும் போகிறார்கள், கோயம்புத்தூருக்கும் போகிறார்கள். மீனாட்சிபுரத்துக்காரர்களுக்குப் பொள்ளாச்சி பக்கம். குமுளிக்காரர்கள் கம்பத்துக்கு இறங்குகிறார்கள். மறையூர்க்காரர்கள் சின்னாறு வழியாக உடுமலைக்குப் போகிறார்கள். பெரிய நோய் என்றால் இடுக்கியில் இருந்து கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்குப் போகிறார்கள். இரண்டு பக்கமும் போவதில் தவறே இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து டாக்டர் கொடுத்த மருந்து இந்தப் பக்கத்து டாக்டருக்குத் தெரிவதில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

வண்டிப்பெரியார் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா. வயது 50. மலை ஏறி இறங்கி முட்டி வலி. தோட்டத்து டிஸ்பென்சரியில் வலி மாத்திரை கொடுத்தார்கள். "சாப்பிட்ட பிறகு போடுங்கள். ஐந்து நாளைக்குப் போதும்" என்று நர்ஸ் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து உறவில் ஒரு கல்யாணம். கம்பத்துக்குப் போனார். தங்கச்சி ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, எனக்கு இந்த மாத்திரைதான் நல்லாக் கேட்டுச்சு. நீயும் போட்டுப் பாரு."

பாசத்தோடு கொடுத்தது. அந்த அம்மா வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து இரண்டையும் சேர்த்துப் போட்டார். வலி குறைந்தது. அதனால் ஐந்து நாளோடு நிறுத்தவில்லை. இரண்டு மாத்திரையையும் கடையில் திரும்பத் திரும்ப வாங்கினார். காலையில் பிரட்டுக்குப் போகும் அவசரம். வெறும் வயிற்றில் கட்டஞ்சாயாவோடு மாத்திரை. வயிறு எரிந்தது. பொறுத்துக்கொண்டார். மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டார். மூன்றாம் வாரம் கொழுந்து எடுக்கும் இடத்திலேயே மயங்கி விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?"

"ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை" என்றார் கணவர். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். நிறம் வேறு. பெயர் வேறு. ஆனால் இரண்டும் ஒரே வகை வலி மாத்திரை. நமது வயிற்றின் உட்புறத்தில் புண் வராமல் காக்கும் ஒரு மெல்லிய பூச்சு உண்டு. வலி மாத்திரை அதைக் குறைக்கும். இரண்டு வகையைச் சேர்த்துப் போட்டால் கெடுதல் அதிகம். புண் வரும். புண்ணில் இருந்து இரத்தம் கசியும். அந்த இரத்தம்தான் மலத்தைக் கறுப்பாக்கியது.

இரத்தம் ஏற்றினார்கள். ஆறு நாள் படுக்கை. அம்மாவுக்கு ஆறு நாள் கூலி போனது. கூட இருந்த கணவருக்கும் ஆறு நாள் கூலி போனது. பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, வெளியே எழுதிக் கொடுத்த மருந்துச் செலவு. கம்மல் அடகுக் கடைக்குப் போனது. முட்டி வலி மட்டும் அப்படியே இருந்தது.

இது எங்கோ ஒருவருக்கு நடப்பதா? இல்லை. கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கிலாந்து நாட்டில் லிவர்பூல் என்று ஒரு நகரம். அந்த வட்டாரத்தில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆறு மாதம் ஆராய்ந்தார்கள். 2004ஆம் ஆண்டு முடிவு வெளியானது. 18,820 நோயாளிகளைப் பார்த்தார்கள். அதில் 1,225 பேருக்கு மருந்தின் கெடுதலும் இருந்தது. அதாவது 100 பேரில் 6 அல்லது 7 பேர். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கெடுதலால்தான் ஆஸ்பத்திரிக்கே வந்தவர்கள். இவர்கள் படுத்தது ஏறக்குறைய எட்டு நாள். அந்த நாட்டுக்கு இதனால் வருடத்துக்கு 46 கோடி பவுனுக்கு மேல் செலவு என்று கணக்கிட்டார்கள். கெடுதல் செய்த மருந்துகளில் முக்கியமானவை எவை? ஆஸ்பிரினும் வலி மாத்திரைகளும் அதில் உண்டு. எங்கும் கிடைக்கும் சாதாரண மாத்திரைகள்!

நமக்குப் பக்கத்தில் மைசூரிலும் ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்ந்தார்கள். அதன் முடிவு 2003ஆம் ஆண்டு வெளியானது. அங்கே 100 நோயாளிகளில் ஏறக்குறைய 4 பேருக்கு மருந்தால் கெடுதல் வந்திருந்தது. அதைச் சரிசெய்யச் சராசரியாக 690 ரூபாய் ஆனது. இருபது வருடத்துக்கு முந்திய 690 ரூபாய்! அன்றாடக் கூலிக்காரருக்கு அது எத்தனை நாள் கூலி என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

லிவர்பூல் ஆய்வு இன்னொன்றும் சொன்னது. இந்தக் கெடுதல்களில் பெரும்பாலானவை தடுத்திருக்கக் கூடியவை. எப்படித் தடுப்பது? டாக்டர் கவனமாக இருக்க வேண்டும். நர்ஸ் கவனமாக இருக்க வேண்டும். மருந்துக் கடைக்காரர் கவனமாக இருக்க வேண்டும். நோயாளியும் வீட்டாரும் செய்யக் கூடியதும் உண்டு.

முதல் காரியம், வீட்டுக்கு ஒரு மருந்து நோட்டு. பழைய பள்ளிக்கூட நோட்டு போதும். மருந்து வாங்கும் போது, "இதன் பெயர் என்ன? எதற்காக? எத்தனை நாள்?" என்று கேளுங்கள். மலையாளத்தில் கேட்டாலும் சரி, தமிழில் கேட்டாலும் சரி. கேட்டதைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வையுங்கள். ஒரு மருந்துக்கு இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். மற்றொன்று உள்ளே இருக்கும் மருந்தின் பெயர். இரண்டையும் கேட்டு எழுதுங்கள். எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதை முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். பாலக்காடு போனாலும் அந்த நோட்டு. கோயம்புத்தூர் போனாலும் அதே நோட்டு. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அதை நீட்டுங்கள். நாட்டு மருந்து, கஷாயம் சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது, மாத்திரை அட்டையை எறியாதீர்கள். பெயரும் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கடைசி வரை வைத்திருங்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து.

மூன்றாவது, ஒருவர் மருந்தை மற்றவர் சாப்பிடக் கூடாது. அக்காவுக்குக் கேட்டது தங்கச்சிக்குக் கெடுதல் செய்யலாம்.

நான்காவது, இந்த அடையாளங்களைத் தெரிந்து வையுங்கள். முகம், உதடு வீங்குவது. மூச்சு முட்டுவது. உடம்பு முழுக்கத் தடிப்பு. வாயில் புண் வந்து தோல் உரிவது. கண் மஞ்சளாவது. மலம் தார் போலக் கறுப்பாவது. மருந்து சாப்பிடும் போது இவை வந்தால் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இதைக் கேட்டு, "அப்படியானால் மருந்தே வேண்டாம்" என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது பழமொழி. விருந்துக்கு அது சரி. காசநோய் மருந்துக்குச் சரியல்ல. சாதாரணக் காசநோய்க்கே ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். அதில் ஒரு மருந்தால் சிறுநீர் சிவப்பாகப் போகும். பயப்பட வேண்டாம். அது கெடுதல் இல்லை. ஆனால் கண் மஞ்சளானாலும், பார்வை மங்கினாலும் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு மருந்துகளையும் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்துவதா, மாற்றுவதா என்று டாக்டர் சொல்லட்டும்.

மருந்தால் வந்த கெடுதலை அரசுக்கும் தெரிவிக்கலாம். இதற்காகவே 2010ஆம் ஆண்டு நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பல மெடிக்கல் காலேஜ்களில் இதற்கான மையம் உண்டு. நோயாளியே நிரப்பிக் கொடுக்கும் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கிறது. வேலை நாட்களில் 1800 180 3024 என்ற எண்ணில் பேசலாம். காசு கிடையாது. ஒருவர் சொன்னால் அது ஒரு செய்தி. நாலு ஊரில் இருந்து நாலு பேர் சொன்னால், அந்த மருந்தை அரசு கவனிக்கும். அடுத்தவர் தப்புவார்.

1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். எழுத்து தெரிந்தவர் கையெழுத்துப் போடுகிறார். பஸ் போர்டு படிக்கிறார். அதே எழுத்தால் தன் உடம்பையும் காக்கலாம். "ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை" என்று இனி எந்த வீட்டிலும் பதில் வர வேண்டாம். பெயர் சொல்லிப் பதில் வரட்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுங்கள். வீட்டில் இப்போது இருக்கும் மாத்திரைகளின் பெயரை முதலில் எழுதுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் எழுதிக் கொடுங்கள்.