படத்தால் எழுதும் மொழி
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் கணிப்பொறியைப் பற்றிப் பேச முன்வந்தது சிலர்க்கு வியப்பாகலாம். மொழி எங்கு உளதோ அங்கு இலக்கணமும் உளது; இலக்கணம் உள்ள இடத்தில் தமிழ் கற்றவர்க்கும் ஓர் இருக்கை உண்டு என்பதே எம் துணிபு.

தண்டியலங்காரம் சித்திரகவியின் வகைகளுள் நாகபந்தம், சக்கரம் என்பவற்றைக் கூறும். அவற்றில் படம் எழுத்துக்கு இடம் தருகின்றது. இன்று யாம் கூறவந்த மொழியிலோ படமே எழுத்தாகின்றது.

அதன் பெயர் லேப்வியூ. அமெரிக்க நாட்டு ஆஸ்டின் நகரில் ட்ரூச்சார்டு, கொடோஸ்கி, நௌலின் என்னும் மூவர் 1976-இல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அங்குப் பிறந்த இம்மொழி 1986-இல் மக்கின்டாஷ் கணிப்பொறிக்கென வெளிவந்தது. அளவைக் கருவிகளோடு பழகும் பொறியாளர் வரிவரியாக ஆணை எழுதி வருந்தாமல், தாளில் படம் வரைவதுபோல் வரைந்தே வேலை வாங்குதல் வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இம்மொழியில் அமைந்த நிரல் ஒவ்வொன்றுக்கும் முகம் ஒன்று, அகம் ஒன்று. முகத்தில் திருகுகளும், முள் ஓடும் வட்டங்களும், வெப்பமானியும், சிறு விளக்குகளும் தோன்றும். அகத்தில் பெட்டிகளும் அவற்றைப் பிணைக்கும் கம்பிகளும் இருக்கும். கம்பியின் நிறமே அதில் ஓடும் பொருளின் வகையை உணர்த்தும். முழு எண்ணுக்கு நீலம். தசம எண்ணுக்குச் செம்மஞ்சள். ஆம், இல்லை என்னும் விடைக்குப் பச்சை. எழுத்துத் தொடருக்கு இளஞ்சிவப்பு. பொருந்தாத இரண்டைப் பிணைத்தால் கம்பி அறுந்து தோன்றும். நிரலை ஓட்டும் அம்புக்குறியும் உடைந்து நிற்கும். எழுவாய்க்கு இசையாத பயனிலையை வழுவென்று இலக்கணம் விலக்குவது போன்றது இது.

இனி, எது முன், எது பின் என்பதை வரியின் வரிசை முடிவு செய்வதன்று. ஒரு பெட்டிக்கு வேண்டுவன யாவும் வந்து சேர்ந்தவுடன் அது தொழிற்படும். ஓர் அடுப்பில் பருப்பும் மற்றோர் அடுப்பில் காயும் ஒருங்கே வேகின்றன. இரண்டும் வெந்த பின்னரன்றோ குழம்பு கூடும்? தாய்மார்கள் நாடோறும் நடத்தும் முறையே இது.

நிற்க. இம்மொழியை எங்கெங்குக் காணலாம்? ஜெனீவா நகரருகே, நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள செர்ன் துகள் முடுக்கி உளது. அது 2008-இல் இயங்கத் தொடங்கியது. நெறி பிறழும் துகள்களைத் தடுத்து நிறுத்தும் தாடைகளை நுண்ணிதின் நகர்த்த லேப்வியூவே அங்குப் பயன்பட்டது. 1997-இல் செவ்வாய்க் கோளில் ஊர்ந்த சோஜர்னர் வண்டியின் நிலையைப் புவியிலிருந்து நோக்கியவர்களும் இதனைக் கையாண்டனர்.

இவற்றினும் வியப்பு ஒன்று உண்டு. 2006-இல் லெகோ நிறுவனம் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்எக்ஸ்டி என்னும் இயந்திர விளையாட்டுப் பொருளை விற்றது. அதனை இயக்கச் சிறுவர் திரையில் கட்டைகளை அடுக்கிப் பிணைத்த மொழியும் லேப்வியூவின்மேல் கட்டப்பட்டதே. பத்து வயதுப் பிள்ளையின் விளையாட்டும் அணுவைப் பிளந்து ஆராயும் அறிஞரின் கூடமும் ஒரே அடித்தளத்தின்மேல் நின்றன. பிள்ளையோ அதனை அறியான்!

குறையும் கூறல் வேண்டும். படமொழி எளிது என்று எண்ணி ஒழுங்கின்றி வரைந்தால், சிக்குண்ட நூற்கண்டுபோல் கம்பிகள் பின்னிக்கொள்ளும். வரைந்தவர்க்கே பொருள் விளங்காது. மேலும், இது ஒரு நிறுவனத்தின் உடைமை. அந்நிறுவனம் 2023-இல் எமர்சன் என்னும் மற்றொரு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. மைண்ட்ஸ்டார்ம்ஸ் விற்பனையும் 2022-இன் இறுதியோடு நின்றது. கருவி கைமாறும், மறையும். அதன்வழிப் பெற்ற சிந்தனை முறையோ கற்றவனை விட்டு நீங்காது. ஆதலின் ஒரு கருவியின் பெயரை மட்டும் கற்றல் போதாது. அதன் உட்கருத்தைக் கற்றல் வேண்டும்.

பெற்றோர்களே! “எம் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது, ஆதலின் கணிப்பொறியும் வராது” என்று நம்முள் பலர் கூறக் கேட்கின்றோம். இச்சொல் எத்தனை இளைஞரை வாயிலிலேயே நிறுத்திவிட்டது! ஆங்கிலம் வேண்டுவதே; அதனை மறுத்தோமில்லை. ஆயினும் காரண காரியத்தைத் தொடர்புபடுத்திக் காணும் அறிவே முதல். எழுத்து அதற்குப் பின்னரே. அவ்வறிவு படத்தாலும் வளரும். வணிக நோக்கமின்றிப் பழகுவோர்க்கென 2020-இல் லேப்வியூவின் இலவசப் பதிப்பொன்றும் வெளியிடப்பட்டது.

மாணவர்களே! தொழிற்கூடத்திலோ ஆய்வுக்கூடத்திலோ முள்ளும் விளக்கும் நிறைந்த திரையொன்றைக் காணின், முகத்தை மட்டும் கண்டு அகலாதீர். “இதன் அகத்தில் எது எதனோடு பிணைந்துள்ளது?” என்று உடனிருப்போரை வினவுங்கள். வினவ நாணுபவன் ஆயுள் முழுதும் பொத்தானை அழுத்துபவனாகவே நிற்பான். வினவியவன் ஒருநாள் அதனை அமைப்பவனாவான். நம் இல்லந்தோறும் அத்தகையோர் தோன்றுக என வேண்டி அமைகின்றோம்.