தங்கவயல் காப்பாற்றிய பண்டிதர்



பூதிகோட்டை என்றதும் வெளியூர்க்காரர் வாயில் முதலில் வருவது ஹைதர் அலியின் பெயர். அதில் தவறில்லை, அவர் பிறந்த ஊர் இது. ஆனால் அயோத்திதாசப் பண்டிதரைப் பற்றிய கருத்தரங்கை இங்கே கூட்டியிருப்பது ஏன் என்று அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் கேட்டார்களாம். விடை ஹைதரின் வீட்டிலேயே தொடங்குகிறது. 1799-இல் ஹைதரின் மகன் திப்பு வீழ்ந்தபின் மைசூருக்குப் புதிய எல்லை வகுக்க வேண்டியிருந்தது. அந்த அளவைப் பணிக்கு வந்த ஜான் வாரன் என்ற படை அதிகாரி, 1802-இல் ஊரிகாம் பக்கத்தில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டார். கிராமத்தார் மண்ணைக் கழுவிப் பொன் துகளை எடுத்துக் காட்டினார்கள். எல்லைக்கோடு போட வந்தவருக்குத் தங்கம் அகப்பட்டது. 1871-இல் லாவெல் என்பவர் தோண்ட அனுமதி கேட்டார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே நுழைந்தது. அதன் பிறகு வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்தவர்களின் கதைதான் கோலார் தங்கவயலின் கதை.

வந்தவர்களில் பெரும்பாலோர் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாதவர்கள், நிலமில்லாதவர்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கம்பெனி தந்த லைன்களில் மூங்கில் தட்டி வீடு கட்டிக் குடியேறினார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துக் காவிரியின் மின்சாரம் இங்கே வந்தது. உலகமே வியந்து பார்த்த வேலை அது. ஆனால் அது வந்தது சுரங்கத்துக்கு. தட்டி வீடுகளில் எரிந்தது சிம்னி விளக்குதான். அந்த விளக்கு வெளிச்சத்தில் படிக்கப்பட்ட ஒரு பத்திரிகையும், அதை எழுதிய மனிதரும்தான் இன்றைய பொருள்.

அயோத்திதாசர் 1845 மே 20-இல் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தனக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த வல்லகாளத்தி வீ. அயோத்திதாச கவிராச பண்டிதரின் பெயரையே பிற்பாடு தன் பெயராக வைத்துக்கொண்டார். இளமை நீலகிரியில் கழிந்தது. அங்கே முதலில் அவர் நிறுவியது அத்வைதானந்த சபை. அதாவது, பௌத்தராகப் பிறந்தவருமல்ல, ஒரே நாளில் பௌத்தரானவருமல்ல. சைவம், வைணவம், அத்வைதம் எல்லாவற்றின் வாசற்படியிலும் நின்று பார்த்துவிட்டு வந்தவர்.

இந்த வாசற்படி விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1891 டிசம்பர் 1-ஆம் நாள் ஊட்டியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்கள் நிறைவேற்றினார் அயோத்திதாசர். அடுத்த ஆண்டு விக்டோரியா டவுன் ஹாலில் சென்னை மகாஜன சபைக் கூட்டம். அங்கே எழுந்து, ஒடுக்கப்பட்ட தன் மக்களைக் கோயிலுக்குள் விட வேண்டும் என்று கேட்டார். தஞ்சையிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரி என்பவர் மறுத்தார். மதுரைவீரன், காட்டேரி, கருப்பன் போன்ற சாமிகளை உங்களுக்குக் கொடுத்தாகிவிட்டது, சிவனும் விஷ்ணுவும் உங்கள் தெய்வங்கள் அல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். அதைக் கேட்டுக்கொண்டு நின்றவரின் இயற்பெயர் காத்தவராயன் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் கெஞ்சவில்லை. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசப் படிப்பும், புறம்போக்கு நிலமும் வாங்கிக் கொடுங்கள் என்று கோரிக்கையை அங்கேயே மாற்றினார். இந்தச் செய்தி அவரே பிற்காலத்தில் எழுதிவைத்தது. அவர் பௌத்தராவதற்கு இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. ஆனாலும் திருப்பம் நடந்தது அந்த மேடையில்தான் என்று சொல்லலாம்.

1898-இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்புக்குக் கப்பலேறினார். சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார். ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் பிறந்தது. அதே 1898-இல்தான் உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சில் கொண்டுவந்தார். ஒருவர் ஏட்டிலிருந்து பௌத்தத்தை மீட்டுக்கொண்டிருந்தார், இன்னொருவர் அதை வாழ்க்கைக்குள் அழைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் கும்பகோணத்தில், இன்னொருவர் சென்னையில்.

ஆன்மிகத் தலைவர் என்ற சொல்லைக் கேட்டால் மனதில் வரும் உருவம் எதுவும் அயோத்திதாசருக்குப் பொருந்தாது. காவி இல்லை, ஆசிரமம் இல்லை, அற்புதம் இல்லை. தொழில் சித்த வைத்தியம். நாடி பிடித்துப் பார்த்த கையால் எழுதினார். 1907 ஜூன் 19, புதன்கிழமை, ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. பெயரே விலையையும் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 26 முதல் ‘தமிழன்’ என்று சுருங்கியது. வாரம் தவறாமல் வந்த அந்தத் தாளில் புத்தர் சரிதமும் இருக்கும், மருந்துக் குறிப்பும் இருக்கும், வாசகர் கேட்ட சந்தேகத்துக்கு விடையும் இருக்கும், அரசாங்கத்துக்கு விண்ணப்பமும் இருக்கும். அவருடைய பிரசங்க மேடை அதுதான்.

பத்திரிகை கட்டுக் கட்டாக ரயிலில் வரும். மெட்ராஸ் வண்டியில் பௌரிங்பேட்டை, அதாவது இன்றைய பங்காரப்பேட்டை. அங்கிருந்து 1894-இல் போட்ட கிளைப் பாதையில் மாரிக்குப்பம். எழுத்து தெரிந்த ஒருவர் வாசிப்பார், ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ராயப்பேட்டையில் எழுதப்பட்டது மாரிக்குப்பத்தில் காதால் படிக்கப்பட்டது. எம்.ஒய். முருகேசர், இ. குருசாமி போன்ற தங்கவயல்காரர்கள் வெறும் சந்தாதாரர்கள் அல்லர். கிளைச் சங்கத்தை நடத்தியவர்கள், பணம் திரட்டியவர்கள், தமிழனிலேயே எழுதியவர்கள். திருப்பத்தூர், பெங்களூர், ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் என்று தமிழ்க் கூலிகள் போன இடமெல்லாம் சங்கத்துக்குக் கிளை பரவியது. அவற்றில் வேர் ஆழமாக இறங்கியது தங்கவயலில்.

ஏன் இங்கே? சம்பளம் ரொக்கமாகக் கையில் விழுந்தது ஒரு காரணம். ஊர்ப் பண்ணையாரின் கண் எட்டாத தூரம் இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தைச் சுரங்கக் குடும்பத்தார் உடனே புரிந்துகொள்வார்கள்: சாவு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. பாறை வெடித்துச் சிதறும். மேலே வீட்டில் பாத்திரம் அதிரும். யார் வீட்டு ஆள் கீழே என்று லைன் முழுக்கக் காத்திருக்கும். தப்பியவர்களின் நுரையீரலில் கல்தூசி படியும். இப்படிப்பட்ட இடத்தில் புரோகிதர் எட்டிப் பார்க்காத ஒரு சமூகத்துக்கு, கல்யாணத்தையும் கருமாதியையும் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையைச் சங்கம் கொடுத்தது. பிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; சங்கத்தில் மூத்தவர் ஒருவர் பஞ்சசீலம் சொல்லி நடத்திவைப்பார். சீடர்கள் குருவை நம்பியிருக்காத ஒரு சமயம் இது. குருவின் மிகப் பெரிய சாதனையும் இதுவே என்பது இந்தத் தலைமை உரையின் கட்சி.

அதற்குச் சான்று அவர் சாவுக்குப் பிறகு கிடைக்கிறது. 1914 மே 5-இல் பண்டிதர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் கொஞ்ச காலம் பத்திரிகையைத் தாங்கினார், பிறகு நின்றது. பல இயக்கங்களுக்கு இதுவே கடைசி அத்தியாயமாக இருந்திருக்கும். இங்கே அப்படி ஆகவில்லை. 1926-இல் ஜி. அப்பாதுரையார் சாம்பியன் ரீஃபிலிருந்து ‘தமிழன்’ இதழை மறுபடியும் எழுப்பி, 1930-களின் நடுப்பகுதி வரை நடத்தினார். பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்கும் பண்டிதரின் பௌத்தத்துக்கும் நடுவே பாலமாக நின்ற பத்திரிகை அது. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த காலமும் அதுவே. தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை 1950-களிலும் அச்சிட்டுக்கொண்டிருந்தது. தலைநகரம் அவரை மறந்துபோன அரை நூற்றாண்டில் சுரங்க லைன்கள் நினைவில் வைத்திருந்தன. அன்பு பொன்னோவியம், டி.பி. கமலநாதன் போன்றவர்கள் கட்டிக்காத்த தாள்கள் இல்லையென்றால், 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிடத் தொடங்கிய ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ ஏது? 2005-இல் தபால் தலை வந்ததும், பிறகு சென்னையில் மணிமண்டபம் எழுந்ததும் அதற்கப்புறம்தான்.

இது பாராட்டுக் கூட்டம் அல்ல, கருத்தரங்கு. ஆகவே சங்கடமான சிலவற்றையும் தொட்டாக வேண்டும். பண்டிதர் எழுதிய ‘இந்திரர் தேச சரித்திர’த்தைக் கல்வெட்டு ஆதாரம்போல எடுத்தாள்வது ஆய்வுக்கு உதவாது. அவருடைய சொல்லாராய்ச்சிகளில் பலவற்றை மொழியியல் ஏற்காது. ஆனால் அவற்றைத் தள்ளிவிடுவதும் அவசரம். சங்கராந்தியைச் ‘சங்கறர் அந்தியம்’ என்று பிரித்துப் புத்தரின் பரிநிர்வாண நாளாகக் காட்டினார். போகியைப் போதிப் பண்டிகை என்றார். தீபாவளியை எள்ளெண்ணெயின் பயன் கண்டறிந்த நாள் என்றார். கோயில் மறுக்கப்பட்ட மக்களுக்குப் பண்டிகைகளையாவது திருப்பித் தரும் முயற்சி இது. புது வழிபாடு எதையும் திணிக்காமல், வீட்டில் ஏற்கெனவே செய்வதற்கே வேறு பொருள் சொன்னார். வரலாறாக இது நிற்காது. சமயத் தலைவரின் வேலையாகப் பார்த்தால் வெகு நுட்பமானது.

இன்னொன்று கடினமானது. ‘தாழ்த்தப்பட்டவர்’ வேறு, ‘தாழ்ந்தவர்’ வேறு என்று அவர் கோடு கிழித்தார். தன் மக்களுக்கு அவர் சூட்டிய பூர்வ பௌத்தர் என்ற பெருமைக்குள் எல்லா ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கும் இடம் தரவில்லை. சாதிபேதமற்ற திராவிடர் என்று எழுதிய பேனாவே சிலரை வெளியே நிறுத்தியது. பிரிட்டிஷ் ஆட்சிமீது அவர் வைத்த நம்பிக்கையும், சுதேசி இயக்கத்தின்மீது பொழிந்த கேலியும் அந்தக் காலத்துச் சூழலை வைத்துப் பார்த்தால் விளங்கும். ஆனால் சாதிக் கோட்டை விளங்கிக்கொள்வது வேறு, மன்னிப்பது வேறு. இளம் ஆய்வாளர்கள் இங்கே தயங்காமல் பேச வேண்டும். பண்டிதரே எதையும் தயங்காமல் கேட்டவர்தான்.

அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. அயோத்திதாசர் கொழும்பிலிருந்து திரும்பி அதற்குள் 58 ஆண்டுகள் ஓடியிருந்தன. யார் முதல் என்ற போட்டி வேண்டியதில்லை. நாகபுரியில் ஒரே நாளில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். தங்கவயலில் வாரா வாரம் சில பத்துப் பேர் கூடினார்கள். இரண்டாவதைப் பற்றி எழுதுவதுதான் கடினம், ஏனென்றால் அதற்குப் புகைப்படம் கிடையாது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைட் மேடு மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். லைன் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. வீடு காலியானால் பரண் காலியாகும், பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியும் பழைய காகிதக்காரரிடம் போகும். சங்கத்தின் வரவு செலவு நோட்டு, பஞ்சசீலம் சொல்லி நடத்திய கல்யாணத்தின் பத்திரிகை, தாத்தாவின் பெயர் அச்சான சந்தா ரசீது, கிழிந்த ‘தமிழன்’ தாள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. பேராசிரியர்கள் எழுதவேண்டிய வரலாற்றில் பாதி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே கட்டுரைகள் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். பூதி என்றால் கன்னடத்தில் சாம்பல். இந்த ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது, போதும். வருகிற போகிக்கு வீட்டுப் பழங்காகிதங்களை வாசலில் போட்டுக் கொளுத்தாதீர்கள். மண்டப வாசலில் மாணவர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தத் தாளாக இருந்தாலும் கொண்டுவந்து கொடுங்கள். படம் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுவார்கள்.