நான் அனுப்பின வீடியோ

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்த அக்கா தங்கச்சிகளே!

கதை, டி.வி. இதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் எட்டாவதோட நின்னவ. குழுவில் தீர்மானம் எழுதற அளவுக்கு எனக்குப் படிப்பு வந்தது ரமணிசந்திரன் நாவலால்தான். சின்னம்மா பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி வருவாங்க. குச்சிக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படிப்பேன். "காதல் கதை படிச்சுக் கெட்டுப் போறா" என்று மாமியார் திட்டாத நாள் இல்லை. கெட்டா போனேன்? பேங்க்கில் நீட்டின கடன் பத்திரத்தை முழுசாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டேன். கதையில் வர்ற பங்களா நமக்குக் கிடைக்கலை, அது வேற விஷயம்.

டி.வி.க்கு வர்றேன். விஜய் டி.வி.யில் 2006-லிருந்து 'நீயா நானா' வருது. கோபிநாத் நடத்தறார். 2022 ஆகஸ்டில், கணவரை விட அதிகம் சம்பாதிக்கிற மனைவிகள் ஒரு பக்கம், கணவர்கள் எதிர்ப் பக்கம். மகளோட மார்க் கார்டைப் படிக்க வீட்டுக்காரருக்கு ரொம்ப நேரமாகும் என்று ஒரு அம்மா சிரிச்சாங்க. அந்த அப்பாவுக்குக் கோபிநாத் மேடையிலேயே பரிசு கொடுத்தார். அந்தத் துண்டு வீடியோ எல்லார் போனிலும் சுத்துச்சு. எனக்கும் அழுகை வந்தது. சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று குழு வாட்ஸப்பில் போட்டேன். "இவளெல்லாம் ஒரு பொம்பளையா" என்று கீழே எழுதினதும் நான்தான்.

எங்க குழுவில் ஒரு தங்கச்சி. கடன் வாங்கி ரெண்டு மாடு பிடிச்சவ. பால் காசில்தான் அந்த வீடு ஓடுது. ரெண்டு மாசம் கூட்டத்துக்கு வரலை, சந்தாவும் கட்டலை. மாடு வத்திப்போச்சு போலன்னு நினைச்சோம். கேட்கப் போனேன். பாஸ்புக்கை வீட்டுக்காரர் எடுத்து வெச்சுக்கிட்டாராம். "சம்பாதிக்கிற திமிர் இப்படித்தான் இருக்கும்னு வீடியோவைக் காட்டினாருக்கா. நீங்க அனுப்பினதுதான்."

எனக்குப் பேச்சு வரலை.

அந்த அம்மா சிரிச்சது தப்புதான், இப்பவும் சொல்றேன். ஆனா அவங்க வீட்டில் விடியக்காலம் யார் எழுந்தது, கடனை யார் அடைச்சது? அந்தத் துண்டில் எனக்கு என்ன தெரிஞ்சது? ஒருத்திக்கு ஐயாயிரம் கடன் கொடுக்க ரெண்டு மணி நேரம் பேசற நாம, ஒரு பொம்பளை இப்படித்தான்னு ஒரு நிமிஷத்தில் தீர்ப்பு எழுதிட்டோம். (கை நீட்டற வீடா இருந்தா 181-க்குப் போன் போடுங்க, கூடவே எங்களையும் கூப்பிடுங்க.)

அடுத்த கூட்டத்தை அந்தத் தங்கச்சி வீட்டுத் திண்ணையில் வெச்சோம். அவரையும் உட்கார வெச்சோம். "அதை எழுதினது நான்தான் தம்பி, தெரியாம எழுதிட்டேன்" என்றேன். அவர் ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளே போய்ப் பாஸ்புக்கை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அவருக்குப் படிக்க வராது. "இதுல என்ன போட்டிருக்கு, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க" என்றார்.

முதல் பக்கத்திலிருந்து வாசிச்சேன். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினா, எவ்வளவு எடுத்தா என்று சில வரியை ரெண்டு தரம் கேட்டார். அரை மணி நேரத்துக்கு மேலயே ஆச்சு. யாரும் சிரிக்கலை.