ஆடியில் எழும் ஆற்றங்கரைத் தெரு



பெரியபாளையத்துக்கு ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமை போய்வந்த ஒருவரிடம், அந்த ஊர்த் தெரு எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். தை மாதம் ஒரு வேலை நாளில் போய்வந்தவரிடமும் அதையே கேளுங்கள். இருவரும் இரண்டு ஊர்களைப் பற்றிப் பேசுவதாகத்தான் உங்களுக்குத் தோன்றும். ஆரணி ஆற்றங்கரையில், பவானி அம்மன் கோயிலை ஒட்டி இருக்கும் அந்தத் தெருவைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். கட்டடக் கலை வரலாறு எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட தெருவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நூறு ஆண்டுப் பழமையான மாளிகை இல்லை, தூண் இல்லை, கல்வெட்டில் பேர் பொறித்த ஜமீன்தார் இல்லை, அப்புறம் என்ன வரலாறு என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்பது என் கட்சி.

முதலில் ஆற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆரணி ஆறு ஆந்திர மலைகளில் பிறக்கிறது. பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, பள்ளிகொண்ட ஈசுவரர் இருக்கும் சுருட்டப்பள்ளியைத் தொட்டு, ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பெரியபாளையம், பொன்னேரி என்று கிழக்கே போய்ப் பழவேற்காடு ஏரியில் சேர்கிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பி ஓடும் ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் கரையைத் தொட்டு ஓடும். பிச்சாட்டூரில் மதகைத் திறந்தார்கள் என்று செய்தி வந்தால் கரையோர ஊர்களுக்கு அன்றிரவு தூக்கம் இல்லை. ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்ற ஆண்டுகள் பல. அதே ஆறு சித்திரையிலும் ஆடியிலும் வெறும் மணலாகக் கிடக்கும்.

அந்த மணலில்தான் நம் தெருவின் கதை தொடங்குகிறது.

பவானி அம்மன் சுயம்பு. கம்சன் கையிலிருந்து தப்பி வானேறிய குழந்தை இங்கே வந்து தங்கினாள் என்பது ஒரு கதை. ஆந்திரப் பக்கத்து வளையல் வியாபாரி ஒருவர் வேப்ப மரத்தடியில் மூட்டையை வைத்துவிட்டு அசந்து தூங்க, வளையல்கள் புற்றுக்குள் போய்விட்டன, தோண்டியபோது அம்மன் வெளிப்பட்டாள் என்பது இன்னொரு கதை. கடப்பாரை பட்ட இடத்தில் குருதி வழிந்தது, மஞ்சளை அப்பியதும் நின்றது என்பார்கள். சுயம்பு வெள்ளிக் கவசத்துக்குள் இருக்கிறது. அம்மன் கைகளில் சங்கும் சக்கரமும், வாளும் அமுத கலசமும். கதை எதுவானாலும் அதில் வழிப்போக்கர் ஒருவர் இருக்கிறார், மர நிழல் இருக்கிறது, ஓர் இரவுத் தங்கல் இருக்கிறது. இந்தத் தெருவை உண்டாக்கியவையும் அவையேதான்.

ஆடி முதல் ஞாயிறு தொடங்கி 14 வாரம் திருவிழா. சனிக்கிழமை மாலையே குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். வட சென்னையிலிருந்தும், எண்ணூர், காசிமேடு மீனவர் குப்பங்களிலிருந்தும், எல்லைக்கு அப்பால் ஆந்திர கிராமங்களிலிருந்தும் வருவார்கள். இரவு தங்கி, விடியற்காலை குளித்து, வேப்பஞ்சேலை உடுத்திக் கோயிலை வலம் வந்து, பொங்கல் வைத்து, ஆடோ கோழியோ அறுத்துச் சமைத்து, உறவுக்கெல்லாம் இலை போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1906-இல் வந்த தம்முடைய நூலில் இந்த ஊர்த் திருவிழாவையும் வேப்பிலை உடையையும் பதிவு செய்திருக்கிறார். அப்போதே அது பட்டணத்துக்காரர்கள் அறிந்த பெரிய விழா.

அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து இங்கே 40 கிலோமீட்டர் என்பது மாட்டு வண்டிப் பயணம். சட்டி பானை, அரிசி, விறகு, பாய், கிழவி, குழந்தை எல்லாம் ஒரே வண்டியில். வந்து சேர்ந்ததும் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, வண்டியை முட்டுக் கொடுத்து நிறுத்தினால் அந்தக் கூண்டே வீடு. பக்கத்தில் நாலு சவுக்குக் கம்பு நட்டு மேலே கீற்று போட்டால் அது கூடம். மூன்று கல் வைத்தால் அடுப்படி. வேப்பங்கொத்தாலேயே குடில் கட்டித் தங்குவதாக வேண்டிக்கொண்டவர்களும் உண்டு. தோப்பிலும் ஆற்று மணலிலும் இப்படி வரிசை பிடித்து நின்ற குடில்களுக்கு நடுவே தானாக ஒரு பாதை விழும். அந்தப் பாதையில் வளையல்காரரும் பொரிக்காரரும் வந்து உட்காருவார்கள். அவ்வளவுதான், தெரு தயார்.

இன்று கூண்டு வண்டிக்குப் பதில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வருகிறது. கீற்றுக்குப் பதில் தார்ப்பாயும் தகரமும். ஆனால் அந்த வரைபடம் மாறவில்லை. உருவம் விற்கும் கடைகளைக் கவனித்திருப்பீர்கள்: கண், கை, கால், தொட்டில் என்று மெல்லிய தகட்டில் அச்சடித்தவை. யாருக்கு எங்கே நோவோ அதை வாங்கி அம்மனுக்குச் செலுத்துவார்கள். வேப்பங்கொத்து கட்டுக் கட்டாக விற்கும். பம்பை அடிப்பவர்கள் ஒரு பக்கம், மொட்டை அடிப்பவர்கள் ஒரு பக்கம். வீட்டுக்காரர்கள் முன்கூடத்தையும் மாடியையும் தோப்பையும் வாடகைக்கு விடுவார்கள். அதனால் இங்கே ஒரு வீடு கட்டும்போதே, வருகிறவர்களுக்கு எவ்வளவு இடம் விடுவது என்ற கணக்கும் சேர்ந்தே வருகிறது. அகலமான வாசல், எளிதில் கழுவிவிடும் தரை, வெளியே அடுப்பு மூட்ட இடம். இதைக் கட்டடக் கலை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

சரக்குக்காக எழுந்த ஓர் ஆற்றங்கரைத் தெருவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க, கொஞ்சம் தூரம் போய் வருவோம். போலந்து நாட்டில் பிட்கோஷ்ச் என்று ஒரு நகரம், ப்ர்டா ஆற்றின் கரையில். 1346-இல் அரசர் மூன்றாம் காசிமிர் நகர உரிமை கொடுத்த ஊர். அங்கே ஆற்றை ஒட்டிய குரோட்ஸ்கா தெருவில் மூன்று தானியக் கிடங்குகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. 1793-க்கும் 1800-க்கும் இடையில் கட்டியவை. மரச்சட்டங்களைக் கட்டம் கட்டமாக நிறுத்தி, இடைவெளியைச் செங்கல்லால் நிரப்பி, மேலே செங்குத்தான ஓட்டுக் கூரை. மொத்தம் ஐந்து இருந்தன. 1960-இல் தீப்பிடித்து இரண்டு போய்விட்டன. மிச்சம் மூன்றும் இப்போது அருங்காட்சியகம். அந்தக் கரையிலிருந்து நூற்றாண்டுக் கணக்கில் கோதுமையும் கம்பு போன்ற ரை தானியமும் படகேறி விஸ்துலா ஆற்றின் வழியாக கதான்ஸ்க் துறைமுகத்துக்குப் போயின. அங்கிருந்து டச்சுக் கப்பல்கள் ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டு போயின.

டச்சுக்காரர்கள் என்றதும் நம் ஆற்றுக்கே திரும்பி வந்துவிடலாம். அந்த பால்டிக் தானிய வணிகத்தில் கொழுத்த ஆம்ஸ்டர்டாம்தான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பெரும் முதல் போட்டது. அந்தக் கம்பெனி எங்கே வந்தது? ஆரணி ஆறு போய்ச் சேரும் பழவேற்காட்டுக்கு. 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுவே டச்சுத் தலைமையிடம். உள்நாட்டில் நெய்த துணி அங்கிருந்து கப்பலேறி, தென்கிழக்கு ஆசியாவில் மிளகுக்கும் கிராம்புக்கும் கைமாறியது. ப்ர்டா கரையில் மூட்டை கட்டிய தானியமும் பழவேற்காட்டில் மூட்டை கட்டிய துணியும் ஒரே ஊர்க்காரர்களின் கணக்குப் புத்தகத்தில் ஏறியிருக்கின்றன.

பழவேற்காட்டுக் கதி என்ன? 1825-இல் டச்சுக்காரர்கள் அதை ஆங்கிலேயரிடம் விட்டார்கள். கோட்டை இருந்த இடத்தில் இன்று முள்புதர். வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. சரக்கு போனது, தெருவும் போனது. பிட்கோஷ்ச் தெரு பிழைத்ததும் சுற்றுலா என்ற புதுச் சரக்கு கிடைத்ததால்தான்.

பெரியபாளையத்துக்கும் பழவேற்காட்டுக்கும் இடையில் பொன்னேரி ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட மனம் வரவில்லை. ஆற்றங்கரைத் திருவாயர்பாடியில் கரிகிருஷ்ணப் பெருமாள். ஊருக்குள் அகத்தீசுவரர். சித்திரைத் திருவிழாவில் இருவரும் புறப்பட்டு வந்து கடைவீதியில் சந்திக்கிறார்கள். ஒருவர் கருட வாகனத்தில், ஒருவர் நந்தி வாகனத்தில். அந்தக் கடைவீதிக்குப் பேரே ஹரிஹரன் கடைவீதி. மளிகைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் அந்த அகலத்தை யாரும் முழுதாக ஆக்கிரமிக்க முடியாமல் இருப்பதற்கு நகரமைப்புச் சட்டத்தைவிட அந்த இரண்டு வாகனங்கள்தான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மறுபடி பெரியபாளையம். ஆடி முதல் ஞாயிறிலிருந்து 14 வாரத்தை எண்ணிப் பாருங்கள். ஐப்பசி முதல் வாரங்களில் வந்து முடியும். அதாவது வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரம். ஆறு மணலாகக் கிடக்கும் மாதங்களில் தெரு அதில் இறங்கிப் பரவுகிறது. ஆறு வரும்போது தெரு சுருட்டிக்கொண்டு மேடேறிவிடுகிறது. கம்பு அவிழ்கிறது, கீற்று அவிழ்கிறது, மணல் ஆற்றுக்கே திரும்புகிறது. யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதாகத் தெரியவில்லை. வேண்டுதலும் ஆறும் மழையும் சேர்ந்து இழுத்த கோடு இது. வெள்ளத்துக்கு அஞ்சி ஐரோப்பாவில் கல்லால் கரை கட்டினார்கள். இங்கே கரையைக் கட்டவில்லை, தெருவையே கழற்றி மாட்டும்படி வைத்துக்கொண்டார்கள்.

இப்போது வரும் சிக்கலும் இங்கேதான். தேர்வாய்கண்டிகை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுகளால் மனை விலை ஏறிவிட்டது. செங்கல் சூளைகள் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. சவுக்குக் கம்பு நின்ற இடத்தில் கான்கிரீட் மண்டபமும் விடுதியும் எழுவது இயல்புதான். வருகிறவர்களுக்குக் கழிப்பறையும் குளியலறையும் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். மழை பெய்தால் கைக்குழந்தையோடு தார்ப்பாய்க்குள் ஒண்டுவதில் ஒரு அழகும் இல்லை. ஆனால் கான்கிரீட்டுக்கு ஐப்பசியில் மேடேறத் தெரியாது. 2015 வெள்ளத்தில் இந்த மாவட்டம் பட்டது நினைவிருக்கும். நிலையான கட்டடங்கள் மேட்டில் இருக்கட்டும். ஆற்றோரம் கம்புக்கும் கீற்றுக்கும் தோப்புக்கும் மிச்சம் இருக்கட்டும். மணல் அள்ளிக் குழியாக்கிய ஆற்றில் எந்தக் குடும்பமும் அடுப்பு மூட்ட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கோயில் நிர்வாகமும் ஊராட்சியும் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று உண்டு. திருவிழாவில் எந்தத் தோப்பில் எந்த ஊர்க்காரர்கள் தங்குகிறார்கள், பந்தல் எதுவரை போகிறது, வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஓர் ஆண்டு முழுக்கப் பார்த்து ஒரு வரைபடம் போடலாம். ஊர்ப் பெரியவர்களும் பந்தல்காரர்களும் பாதியை வாய்மொழியாகவே சொல்லிவிடுவார்கள். புதிதாகக் கட்டட அனுமதி கேட்டு வருகிறவர் முன்னால் அதை விரித்து வைத்தால் போதும்.